நெபுலைசரா, ஸ்பேசரா, தண்ணீர் பாட்டிலா? சின்ன க்ளினிக்கில் இழுப்புக்கு எதை வைத்திருப்பது

"க்ளினிக்குக்கு ஒரு நெபுலைசர் வாங்கித் தரட்டுமா?" கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி பக்கம் வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் லீவில் ஊருக்கு வரும்போது இப்படிக் கேட்பது வழக்கம். நல்ல மனதோடு கேட்கிறார்கள். அந்தக் காசை எதில் போட்டால், பேசக்கூட மூச்சு இல்லாமல் தூக்கி வரப்படும் ஒரு பிள்ளைக்கு அதிகம் உதவும் என்பதை, ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு சின்ன க்ளினிக்கில் செவிலியராக இருக்கும் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். க்ளினிக் நடத்துபவர்களுக்கும் உதவி செய்ய நினைப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

என் முடிவு இதுதான். மருந்தை மூடுபனி மாதிரி ஆக்கி மாஸ்க் வழியாகத் தரும் இயந்திரமான நெபுலைசர் ஒன்று இருந்தால் போதும், இரண்டாவது வேண்டாம். மிச்சப் பணம் இன்ஹேலர் மருந்துக்குப் போகட்டும். இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் வைத்து அந்த மருந்தை நுரையீரலுக்குக் கொண்டுபோகும் ஸ்பேசரை, பெரிய பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் தண்ணீர் பாட்டிலில் நாமே செய்துகொள்ளலாம். மூன்று நான்கு வயது வரையான சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் மாஸ்க் வைத்த கடை ஸ்பேசர் வாங்க வேண்டும். ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதைத்தான் கீழே சொல்கிறேன்.

இந்தக் கரையில் இழுப்பைத் தூண்டும் விஷயங்கள் நிறைய. பல வீடுகளில் இன்னும் சீமைக்கருவேல விறகுதான். சாயல்குடி, கமுதி, முதுகுளத்தூர் பக்கம் கரிமூட்டம் போட்டால் அந்தப் புகை ஊரையே சுற்றும். சீமைக்கருவேலத்தின் மகரந்தமே பலருக்கு ஒத்துக்கொள்ளாது. மீன், இறால் பதப்படுத்தும் இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு அங்கே எழும் ஆவியாலும் தூசியாலும் ஆஸ்துமா வருவது பல நாடுகளில் பதிவான விஷயம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று திரும்பும்போது பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும், சளியைத் தொட்டு இழுப்பு வரும். கரண்ட் அதிகம் போவதும் அதே மழை மாதங்களில்தான். கருவி வாங்கும் முடிவில் இதை மறக்கக் கூடாது.

முதலில் ஊசி, மாத்திரை. இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இழுப்பு என்றால் டெரிஃபிலின் ஊசி போட்டுக்கொள்வது நம் ஊர்களில் ஊறிப்போன பழக்கம். ஆஸ்துமா சிகிச்சைக்கு உலகம் முழுவதும் பின்பற்றப்படும் ஜினா வழிகாட்டி, திடீர் இழுப்புக்கு டெரிஃபிலின் சேர்ந்த தியோஃபிலின் வகை மருந்துகள் வேண்டாம் என்கிறது. பலன் குறைவு, இதயத் துடிப்பு தாறுமாறாகப் போகும் ஆபத்து அதிகம். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் மருந்தின் மாத்திரையும் சிரப்பும் ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, அப்புறம்தான் நுரையீரலுக்கு வரும். அதற்குள் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். இன்ஹேலரில் ஒரு பஃப், அதாவது ஒரு அழுத்து, 100 மைக்ரோகிராம். மாத்திரை 2 அல்லது 4 மில்லிகிராம், அதாவது இருபது மடங்கு, நாற்பது மடங்கு. அவ்வளவு கொடுத்தும் வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. இன்ஹேலர் கைக்கு எட்டும் இடத்தில் மாத்திரைக்கு வேலை இல்லை.

சரி, நெபுலைசருக்கு வருவோம். மக்கள் "கேஸ் வைக்கிறது" என்று சொல்வது இதைத்தான். அதன் மேல் அவர்களுக்கு இருக்கும் நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. நோயாளி எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. மாஸ்க்கை மாட்டிவிட்டால் சாதாரணமாக மூச்சு விட்டாலே மருந்து உள்ளே போகும். சோர்ந்து கண் சொருகும் நோயாளிக்கும், எதைச் சொன்னாலும் கேட்கும் நிலையில் இல்லாதவருக்கும் இதுதான் வழி. ஆக்சிஜன் சிலிண்டரில் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் வைத்து ஓட்டினால் மருந்தும் ஆக்சிஜனும் சேர்ந்தே போகும். அதனால்தான் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறேன்.

இரண்டாவது ஏன் வேண்டாம்? ஒரு தடவை வைத்து எடுக்கப் பத்து நிமிடம் ஆகும். இரண்டு இயந்திரம் இருந்தாலும், ஒரே நேரத்தில் மூன்று பிள்ளைகள் வந்தால் மூன்றாவது பிள்ளை காத்திருக்க வேண்டும். கரண்ட் இல்லாவிட்டால் இயந்திரமும் இல்லை. உப்புக்காற்றில் மோட்டாரும் ஸ்விட்சும் துருப்பிடிக்கும், காற்று வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், மூடுபனி மாதிரி வர வேண்டிய மருந்து சொட்டுச் சொட்டாகக் கப்பிலேயே தங்கும். வெளியே பார்த்தால் இயந்திரம் உறுமிக்கொண்டு வேலை செய்வது போலத்தான் இருக்கும். அப்புறம் சுத்தம். ஒரே மாஸ்க்கை அடுத்தடுத்த நோயாளிகளுக்கு மாட்டுவதைப் பல இடங்களில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். கப்பையும் குழாயையும் கழுவி முழுக்க உலர்த்தாவிட்டால் ஈரத்தில் கிருமி வளரும், அடுத்தவரின் நுரையீரலுக்குள் நேராகப் போகும்.

இன்னொன்றும் உண்டு. சாதாரண கம்ப்ரஸர் நெபுலைசர் அறைக் காற்றைத்தான் அடிக்கிறது. ஆக்சிஜன் குறைந்திருக்கும் பிள்ளைக்கு அந்தப் பத்து நிமிடமும் மாஸ்க் வழியாக வெறும் காற்றுதான் கிடைக்கும். ஸ்பேசரில் பஃப் கொடுக்கும்போது மூக்கில் ஆக்சிஜன் குழாய் அப்படியே இருக்கலாம். இதையும் கணக்கில் எடுங்கள்.

நெபுலைசர்தான் வலுவானது, இன்ஹேலர் லேசானது என்ற எண்ணம் மருத்துவ ஊழியர்கள் நடுவிலேயே இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பின் தொகுப்பு வேறு மாதிரி சொல்கிறது. உயிருக்கே ஆபத்தான நிலையைத் தவிர்த்த திடீர் இழுப்பில், ஸ்பேசரோடு கொடுத்த இன்ஹேலர் நெபுலைசருக்குக் குறையவில்லை. குழந்தைகள் அவசரப் பிரிவிலிருந்து சீக்கிரம் வீடு திரும்பினார்கள், படபடப்பும் குறைவாக இருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: போதுமான பஃப் கொடுக்க வேண்டும். ஒன்றிரண்டு அடித்துவிட்டு "இதில் கேட்கவில்லை" என்று சொன்னால் அது மருந்தின் குறையில்லை. ஜினா சொல்வது, ஆறு வயதும் அதற்கு மேலும் என்றால் 4 முதல் 10 பஃப், ஐந்து வயதும் அதற்குக் கீழும் என்றால் 2 முதல் 6 பஃப், முதல் ஒரு மணி நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை.

இன்ஹேலரை நேராக வாயில் அடித்தால் போதாதா, நடுவில் ஸ்பேசர் எதற்கு? மருந்து மிக வேகமாகப் பீய்ச்சிக்கொண்டு வருகிறது. அழுத்தும் அதே நொடியில் மூச்சை மெதுவாக, ஆழமாக இழுத்தாக வேண்டும். நல்ல நிலையில் இருப்பவர்களுக்கே அது பழகினால்தான் வரும். மூச்சு முட்டும்போது முடியவே முடியாது. பெரும்பகுதி தொண்டையில் அடித்து, விழுங்கி, வயிற்றுக்குப் போய்விடும். நடுவில் ஒரு காற்றறை இருந்தால் வேகம் அடங்கும், பெரிய துளிகள் சுவரில் ஒட்டிக்கொள்ளும், நுண்ணிய துளிகள் மட்டும் மிதக்கும். அவற்றை நோயாளி தன் மூச்சின் போக்கில் இழுத்துக்கொள்ளலாம். ஸ்பேசர் என்றால் இவ்வளவுதான், மருந்தைக் கொஞ்ச நேரம் மிதக்க விடும் ஒரு வெற்று அறை. அதனால்தான் அதைக் கையால் செய்ய முடிகிறது.

பாட்டில் என்பது ஏழைகளுக்காக யாரோ போகிற போக்கில் சொன்ன யோசனை இல்லை. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் ஹெதர் சார் என்ற குழந்தைகள் நல மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்து 1999-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இழுப்போடு வந்த 5 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு நான்கு விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள்: கடையில் வாங்கிய ஸ்பேசர், இடைவெளி இல்லாமல் அடைத்த 500 மில்லி பாட்டில், அடைக்காத பாட்டில், தெர்மோகோல் கப். அடைத்த பாட்டில் கடை ஸ்பேசருக்குச் சமமாக வேலை செய்தது. அடைக்காதது நடுத்தரம். கப்தான் கடைசி. 2007-ல் அதே குழு, இரண்டு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளிடமும் பாட்டில் ஸ்பேசரைச் சோதித்தது. அங்கும் கடை ஸ்பேசருக்கு அது குறையவில்லை. வீட்டில் செய்த ஸ்பேசர்களைப் பற்றித் தனியாக வந்த காக்ரேன் தொகுப்பும் பெரிய வித்தியாசம் காணவில்லை.

இதிலிருந்து நமக்கு இரண்டு விஷயம் கிடைக்கிறது. டீக்கடை பேப்பர் கப்பின் அடியில் ஓட்டை போட்டு முகத்தில் வைக்கும் முறையைச் சிலர் சொல்லித் தருகிறார்கள். கேப் டவுனில் கடைசியாக வந்தது இப்படிப்பட்ட கப்தான். வேறு எதுவுமே கையில் இல்லாத நடுவழியில் மட்டும் அதை யோசிக்கலாம், க்ளினிக்கில் அதற்கு இடமில்லை. இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். பாட்டில் கடை ஸ்பேசருக்குச் சமம் என்பது, ஓட்டை இன்ஹேலரைச் சுற்றிக் கச்சிதமாக இருந்தால்தான். கத்தியாலோ கத்திரியாலோ வெட்டிய ஓட்டை எப்போதும் கொஞ்சம் பெரிதாகத்தான் வரும், ஓரத்தில் விரிசலும் விடும். அது "அடைக்காத பாட்டில்" கணக்கில் சேர்ந்துவிடும்.

செய்முறையில் நான் கவனிப்பவை இவை. கோலா மாதிரி கேஸ் அடைத்த பான பாட்டில்களின் அடி ஐந்து குமிழாகப் பிரிந்திருக்கும், அதில் ஓட்டை சரியாக அமையாது. தண்ணீர் பாட்டிலின் அடி தட்டையாக இருக்கும். ஆனால் சில பாட்டில்கள் கையில் பிடித்தாலே நசுங்கும், அவை வேண்டாம். ஜூஸ் வரும் கெட்டியான 500 மில்லி பாட்டில் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. பூச்சிமருந்தோ பினாயிலோ ஊற்றிய பாட்டிலைத் தொடவே கூடாது. துணி மாட்டும் ஹேங்கர் கம்பி ஒன்றை எடுத்து, இன்ஹேலரின் வாய்ப்பகுதியைச் சுற்றி வளைத்து, அதே அளவில் ஒரு வளையம் ஆக்குங்கள். மிச்சக் கம்பி கைப்பிடி. வளையத்தை அடுப்பில் காயவைத்து, குறடால் பிடித்து பாட்டிலின் அடியில் அழுத்தினால் ஒரு வில்லை கழன்று விழும். பிளாஸ்டிக் சூடாக இருக்கும்போதே இன்ஹேலரின் வாயை உள்ளே தள்ளி அப்படியே பிடித்திருங்கள். ஆறும்போது பிளாஸ்டிக் அதன் வடிவத்துக்கே இறுகும். கேப் டவுனில் செய்த முறையும் இதுதான். வெளிப்புறம் சுற்றி மருத்துவ பிளாஸ்டர் ஒட்டிவிட்டால் காற்று கசியாது. புகை வரும் வேலை என்பதால் வெளியில், நோயாளிகள் இல்லாத இடத்தில் செய்ய வேண்டும். கருகிய துணுக்குகள் உள்ளே இருந்தால் மருந்தோடு சேர்ந்து நுரையீரலுக்குப் போகும், அதனால் நன்றாகக் குலுக்கிக் கழுவுவது கட்டாயம். மூடியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும்.

கழுவுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. புது பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் இருக்கும், அது மருந்துத் துகள்களைச் சுவருக்கு இழுத்துக்கொள்ளும். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்த தண்ணீரில் முக்கி எடுத்து, உள்ளே அலசாமல், துணியால் துடைக்காமல், கவிழ்த்துக் காயவிட்டால் அது போய்விடும். வாய் வைக்கும் கழுத்தை மட்டும் நல்ல தண்ணீரில் கழுவினால் போதும். கடை ஸ்பேசர் பிளாஸ்டிக் என்றால் அதற்கும் இதே முறைதான். அவசரத்தில் கழுவாத பாட்டிலைப் பயன்படுத்த நேர்ந்தால் முதலில் பல பஃப் அடித்துச் சுவரைப் பூச வேண்டியிருக்கும், மருந்து அவ்வளவும் வீண். அதனால் கழுவிக் காயவைத்த பாட்டில்கள் சில எப்போதும் அலமாரியில் தயாராக இருக்கட்டும்.

பாட்டிலின் பெரிய குறையும் இங்கேதான். அந்த பிளாஸ்டிக் 70 டிகிரி சூட்டிலேயே நெகிழத் தொடங்கும், வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைக்க முடியாது. கிருமி நீக்கி அடுத்தவருக்குக் கொடுக்கும் பொருள் அது இல்லை. ஒருவருக்கு ஒரு பாட்டில், சிகிச்சை முடிந்ததும் அவரோடு வீட்டுக்குப் போகட்டும். க்ளினிக்கில் பொதுவாக வைத்திருக்கும் இன்ஹேலரிலும் கவனம் வேண்டும். பாட்டிலில் வால்வு இல்லாததால் நோயாளி விடும் மூச்சு இன்ஹேலரின் வாய்வரை வரும். உலோகக் குப்பியை உருவி எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் உறையைச் சோப்புப் போட்டுக் கழுவி உலர்த்திய பிறகுதான் அடுத்தவருக்கு. ஒரே கம்பெனியின் உறைகள் நாலைந்து கூடுதலாக இருந்தால் வேலை சுலபம்.

பயன்படுத்தும் முறை எளிது. பாட்டிலோடு சேர்த்துக் குலுக்கி, உதடுகளால் கழுத்தை இறுகக் கவ்வச் சொல்லி, ஒரே ஒரு பஃப். உடனே நான்கைந்து தடவை பாட்டிலுக்குள்ளேயே சாதாரணமாக மூச்சை இழுத்து விட வேண்டும். அப்புறம் மறுபடி குலுக்கி அடுத்த பஃப். நேரத்தை மிச்சப்படுத்த நாலு பஃப்பைச் சேர்த்து அடித்தால் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி சுவரில் படிந்துவிடும்.

கடை ஸ்பேசர் எங்கே ஜெயிக்கிறது? வால்வு இருப்பதால் விடும் மூச்சு மருந்தைக் கலைக்காது. பல ஆண்டு உழைக்கும். எல்லாவற்றையும் விட, மாஸ்க் பொருந்தும். மூன்று நான்கு வயது வரையான குழந்தைக்கு உதடு குவித்துக் கவ்வத் தெரியாது. பாட்டிலின் கழுத்தும் நெபுலைசர் மாஸ்க்கின் துளையும் ஒரே அளவு இல்லை, பிளாஸ்டரால் சுற்றி ஒட்டினாலும் அழுது திமிறும் குழந்தையின் முகத்தில் நிற்காது. கேப் டவுனில் சின்னக் குழந்தைகளுக்கும் பாட்டில் பலன் தந்ததென்றால் அங்கே மாஸ்க் முகத்தில் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். நம் க்ளினிக்கில் அதற்கு உத்தரவாதம் இல்லாதவரை, சில நூறு ரூபாய் கொடுத்து மாஸ்க் வைத்த சின்ன ஸ்பேசர் இரண்டு மூன்று வாங்கி வைப்பதே சரி. உதவி செய்ய நினைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பதும் அதைத்தான்.

பொடியாக மருந்தை இழுக்கும் ரோட்டாஹேலரையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும், நம் நாட்டில் அது பரவலாகப் புழங்குகிறது. விலை குறைவு, ஸ்பேசர் தேவையில்லை, கேப்ஸ்யூலைத் தேவைக்கு ஏற்ப வாங்கலாம். தினசரி மருந்து எடுக்கும் பெரியவருக்கு, கற்றுக்கொண்டால், அது நல்ல வழிதான். திடீர் இழுப்புக்கு நான் அதை நம்ப மாட்டேன். பொடி நுரையீரலுக்குப் போக நோயாளி தானே வேகமாக இழுக்க வேண்டும், அந்த நேரத்தில் அவரிடம் இல்லாதது அந்த வேகம்தான். கடற்கரையின் ஈரக்காற்றில் பொடி கட்டிக்கொள்வதும் உண்டு. இன்னொரு விஷயம், கேப்ஸ்யூலை மாத்திரை என்று நினைத்து விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். எழுதிக் கொடுக்கும்போதே ஒரு தடவை நம் கண் முன்னால் இழுக்க வைத்துத்தான் அனுப்ப வேண்டும்.

பாட்டிலைக் கையில் கொடுத்தால் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. "எங்களுக்குக் குப்பையில் போடுற பாட்டில்தானா?" என்ற எண்ணம். அது நியாயமான வருத்தம், தட்டிக்கழிக்கக் கூடாது. வசதி உள்ளவர், இல்லாதவர் எல்லாருக்கும் அதே பாட்டிலைப் பயன்படுத்துவதும், பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்த முறை என்பதைப் பொறுமையாகச் சொல்வதும்தான் பதில். சுத்தமான, சிராய்ப்பு இல்லாத பாட்டில், நேர்த்தியாக ஒட்டிய பிளாஸ்டர், மேலே பிள்ளையின் பெயர் எழுதிய சீட்டு, இவற்றுக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவழிப்பது வீண் வேலை இல்லை. "பஃப் பழகினால் விட முடியாது" என்ற பயமும் அதே நேரத்தில் வெளியே வரும். இன்ஹேலர் மருந்து அடிமைப்படுத்தும் மருந்து இல்லை. விட முடியாமல் இருப்பதற்குக் காரணம் நோய் அடங்காமல் இருப்பது.

அடங்காமல் இருப்பது ஏன் என்ற கேள்விக்குத்தான் மிச்சப்படுத்திய பணம் போக வேண்டும். சால்பூட்டமால் சுருங்கிய குழாயை விரிக்கும், உள்ளே இருக்கும் வீக்கத்தைக் குறைக்காது. வீக்கத்தைக் குறைப்பது புடெசோனைடு, பெக்லோமெத்தசோன் மாதிரி இழுக்கும் ஸ்டீராய்டு. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுப்பதை ஜினா 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. ஆண்டுக்கு மூன்றோ அதற்கு மேலோ சால்பூட்டமால் இன்ஹேலர் தீர்ந்தால் கடுமையான இழுப்பு வரும் வாய்ப்பு கூடும். மாதம் ஒன்று தீர்ந்தால் உயிருக்கே ஆபத்து கூடும். "அதே நீல பஃப் இன்னொன்று கொடுங்கள்" என்று மாதா மாதம் வரும் அண்ணனை நாம் நோட்டில் கவனித்தாக வேண்டும்.

இரவில் கடலில் தங்கும் மீனவர்களுக்கு இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. புடெசோனைடும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலர், தினசரிக்கும் அவசரத்துக்கும் அதே மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இந்தக் கூட்டு மருந்து இருக்கிறது. யாருக்கு எத்தனை பஃப் என்பதை மருத்துவர்தான் எழுத வேண்டும். படகில் எஞ்சின் பக்கத்திலோ வெயிலிலோ வைக்கக் கூடாது, அழுத்தம் ஏற்றிய குப்பி சூட்டில் வெடிக்கும். இழுக்கும் ஸ்டீராய்டுக்கும் அதே பாட்டில் உதவும், தொண்டையில் படிவது குறைவதால் வாய்ப்புண் வருவதும் குறையும். பஃப் எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்ல வேண்டும்.

இன்ஹேலரில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கக் குப்பியைத் தண்ணீரில் மிதக்க விடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அது சரியாகக் காட்டாது. குலுக்கிப் பார்ப்பதும் பொய். மருந்து தீர்ந்த பிறகும் உந்துவாயு கொஞ்ச நேரம் வரும், நோயாளி வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருப்பார். சால்பூட்டமால் குப்பியில் பொதுவாக 200 பஃப். எண்ணிக்கை காட்டும் இன்ஹேலர் இல்லையென்றால், க்ளினிக்கில் ஒவ்வொரு முறையும் எத்தனை பஃப் என்று கோடு போட்டு வைக்க வேண்டியதுதான். கடுமையான ஒரு இழுப்புக்கு முதல் மணி நேரத்தில் 30 பஃப் வரை போகலாம், ஆக ஒரு குப்பியில் ஆறு பேரைப் பார்க்கலாம். மழைக்காலத்துக்கு எத்தனை குப்பி வாங்குவது என்பதை இந்தக் கணக்கில் போட்டால் தட்டுப்பாடு வராது.

அளக்கும் கருவிகளில் பல்ஸ் ஆக்சிமீட்டரைக் காசு கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும், மாற்று இல்லை. மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் இல்லையென்றால் ஒரு எளிய வழி உதவும். ஆழமாக மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். மருந்துக்கு முன் எதுவரை போனார், பின் எதுவரை போகிறார் என்பது முன்னேற்றத்தைக் காட்டும். ஒருவரை அவரோடுதான் ஒப்பிட வேண்டும், அடுத்தவரோடு இல்லை.

கையால் செய்யக் கூடாதவை எவை என்பதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். படகுப் பட்டறையில் வெல்டிங்குக்கு ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதே, அவசரத்துக்கு அதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். கூடாது. அதன் சுத்தமும் அழுத்தமும் நோயாளிக்கு ஏற்றவை என்று யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் நல்லது, ஆனால் கரண்ட் வேண்டும். மருத்துவ ஆக்சிஜன் பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும், நிமிடத்துக்கு 5 லிட்டர் வைத்தால் ஐந்து மணி நேரம். ஒன்று நிரம்பியதாக எப்போதும் இருக்க வேண்டும், வாரம் ஒரு முறை மீட்டரைப் பார்க்க வேண்டும். வெந்நீர் ஆவி பிடிப்பது சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்காது, மூச்சு முட்டும் பிள்ளையைக் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் குனிய வைத்தால் வெந்துபோகும் ஆபத்துதான் மிச்சம். வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டான ப்ரெட்னிசோலோன் மாத்திரைக்கும் மாற்று இல்லை. விலையும் குறைவு, அதை வைத்திருக்காத க்ளினிக் இருக்கக் கூடாது. உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம், பெரியவருக்கு 50 மில்லிகிராம் வரை. வேலை செய்யக் குறைந்தது நான்கு மணி நேரம் ஆவதால் முதல் மணி நேரத்திலேயே கொடுத்துவிட வேண்டும்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் 90 சதவீதத்துக்குக் கீழே, பெரியவருக்கு நாடி நிமிடத்துக்கு 120-க்கு மேல், மயக்கம், உதடு நீலம் என்றால் பாட்டிலா நெபுலைசரா என்று யோசிக்கும் நேரம் தாண்டிவிட்டது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் வீசிங் சத்தமே கேட்காமல் போவதும் அப்படித்தான். அது குணமாவதன் அடையாளம் இல்லை, காற்றே போகவில்லை என்று அர்த்தம். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். வண்டி வரும்வரையும் வண்டியிலும் சிகிச்சை நிற்கக் கூடாது. நோயாளியைப் படுக்க வைக்காமல் உட்கார வைத்து, மூக்கில் ஆக்சிஜனோடு, முடிந்தால் ஆக்சிஜனில் ஓடும் நெபுலைசரோடு, இல்லையென்றால் பாட்டிலில் பஃப்போடு தொடர வேண்டும். எத்தனை மணிக்கு எத்தனை பஃப், ப்ரெட்னிசோலோன் எப்போது, ஆக்சிஜன் அளவு எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு வந்தது என்று ஒரு சீட்டில் எழுதி, பாட்டிலையும் இன்ஹேலரையும் சேர்த்துக் கூடப் போகிறவர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.